நூற்றிருபத்தேழு டிகிரி

ஏழு அட்டைப்பெட்டி. காந்திபுரத்தில் ஏறினேன்.
ஆறு மேலே லக்கேஜில், மதர்போர்டு மட்டும் மடியில்,
அவிநாசி தாண்டித் திருப்பூர் வரைக்கும்.
சீட்டு எடுத்த பணம் அத்தனையும் அதுதான்.

மூன்று ராத்திரி பூட்டினேன்.
முதல் தரம் விளக்கு எரிந்தபோது
ஈஸ்வரமூர்த்தி கை தட்டினார்.
கோன் நூல் ஏற்றிவந்த கை. பஞ்சு பறந்தது.
"ஃபேனுக்குள்ள போயிருமுங்க, அக்கட்டப் போங்க" என்றேன்.

குழந்தைச் சட்டைக்கு ஒட்டகச்சிவிங்கி,
டென்மார்க் போகிற பிரிண்ட்.
பதினொரு நிறம், பதினொரு அடுக்கு.
சேமிக்கச் சொன்னால் பாதியில் நின்றுவிடும்,
கழுத்தோடு.

வெப்பம் காட்டுகிற மென்பொருள் இறக்கினேன்.
வரிசையாகப் பதினான்கு எண்.
ஐந்தாவது மட்டும் சிவப்பு.
மதர்போர்டு: நூற்றிருபத்தேழு.

சாயப்பட்டறையில் பாலியஸ்டருக்குச் சாயம் ஏற
நூற்றுமுப்பது வேண்டும்.
இன்னும் மூன்று ஏறினால்
என் மேசைமேலேயே சாயம் போடலாம்.

சித்திரை மாசம், தலைக்குமேல் தகர ஷீட்.
முதலில் ஷீட்டைத் திட்டினேன்.
பிராசசர்மேல் பசையைத் துடைத்து மறுபடி வைத்தேன்,
அரிசி அளவு, அப்புறம் துவரம்பருப்பு அளவு.
பின்னால் இருந்த விசிறி உள்ளே ஊதிக்கொண்டிருந்தது,
திருப்பி மாட்டினேன்.
முன்னால் நுழைந்து பின்னால் போகணும் காற்று,
பாலக்காட்டுக் கணவாயில் ஆனி மாசம் வருகிற மாதிரி.
கணவாய்க்கு யாரும் ஸ்க்ரூ முடுக்கவில்லை.
எனக்கு எட்டு. ஒன்றைக் காணோம்.
பக்கக் கதவைக் கழற்றி டேபிள் ஃபேனை வைத்தேன்.
நூற்றிருபத்தேழு.
ராத்திரி முழுக்க அணைத்துவைத்து
நாலரைக்கு, ஷீட் ஆறிக் கிடந்தபோது, போட்டேன்.
நூற்றிருபத்தேழு.

அப்போதே தெரிந்திருக்கணும்.
காய்ச்சல்கூட விடியும்போது அரை டிகிரி இறங்கும்.

கடை தாஜுதீனுக்குப் போன் போட்டேன்.
"வெசனப்படாதீங்க அம்மிணி.
தொட்டுப் பாத்தீங்களா?"

ஒன்பது நாள் பார்த்திருக்கிறேன்.

அணைத்து, ஜன்னல் கம்பியை ஒருதரம் பிடித்துவிட்டு
விரல் வைத்தேன்.
கொஞ்சூண்டு வெதுவெதுப்பு,
எடுத்துப் போட்ட இட்லித் துணி மாதிரி.
போர்டின் ஓரத்தில் இரண்டு முள், மொட்டையாக.
அதில் மாட்டவேண்டிய ஒயர்
ஏழு பெட்டியில் எதிலும் வரவே இல்லை.
ஒன்றும் மாட்டாத முள்
தனக்குத் தெரிந்த பெரிய எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

சிரிப்பு வரவில்லை.
ஒட்டகச்சிவிங்கி நிஜமாகத்தானே நின்றது?

விரலை எடுக்காமல் நகர்த்தினேன்.
கிராபிக்ஸ் கார்டுக்கு அடியில்
எஸ்எஸ்டியை மூடின தகட்டில்
சுரீர்.

ஸ்க்ரூவைக் கழற்றித் தகட்டைப் புரட்டினால்
நீலத் தாள், ஒட்டினது ஒட்டினபடி.
உரித்தபின் பொருத்தவும் என்று
அதிலேயே எழுதியிருந்தது இங்கிலீஷில்.
எழுத்து இளகி எஸ்எஸ்டிமேல் ஏறியிருந்தது,
இடம்வலம் மாறி.
குறை சொல்ல முடியாத பிரிண்ட்.

எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் நாலு வருசமாக உரிக்காத தாள்.
மொபெட் சீட்டில், டிவி ஓரத்தில், ரிமோட்டில்.
புதுசு புதுசாகவே இருக்கட்டும் என்று.

உரித்தேன். நல்ல சத்தம் வந்தது.

மறுபடி பூட்டிப் போட்டதும் தேடினேன்.
அதற்கும் ஒரு வரி இருந்திருக்கிறது,
பன்னிரண்டாவது, கறுப்பு எழுத்தில்.
நாற்பத்தாறு.
நேற்று எவ்வளவு என்று கேட்டால் தெரியாது.
சிவப்புக்குக் கீழே நான் படித்ததே இல்லை.

ஐந்தாவது வரி இன்னமும் கத்துகிறது.
மறைக்க ஒரு பொத்தான் உண்டு, அமுக்கவில்லை.
பழகிவிட்டது.

ராத்திரி இரண்டேகாலுக்கு
கழுத்து முழுசாக வந்து சேர்ந்தது, கொம்போடு.
தண்ணீர் குடிக்க எழுந்த ஈஸ்வரமூர்த்தி
ஃப்ரிட்ஜ் தாளின் ஓரத்தை
நகத்தால் நெம்பிப் பார்த்தார்.

"அது இருக்கட்டுங்க" என்றேன்.